விடையைக் கொடுக்காதே நண்பா, வினாவைக் கேள்!

(மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது ஒரு கவிதை எழுதித் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மூன்று வருஷமாக மனதில் கிடந்து உறுத்தும் விஷயம் ஒன்று இருக்கிறது. கல்லூரியை விட்டுப் போவதற்குள் அதைச் சொல்லிவிட வேண்டும். விஷயம் வேறொன்றுமில்லை, நம் எல்லோருக்கும் பழக்கமான முதலாண்டு பிசிக்ஸ்தான்!

நான் கெங்குவார்பட்டிக்காரன். பத்தாவது வரை தமிழ்வழி. முதலாண்டுத் தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி, பக்கத்துத் தெருவிலிருந்து என் வகுப்பு நண்பன் நோட்டும் கையுமாக வந்தான். "மாப்ள, ஒரு எழவும் புரியல. வர்ற மாதிரி பத்துக் கணக்கு போட்டுக் குடு, மனப்பாடம் பண்ணிட்டுப் போயிர்றேன்" என்றான். நானும் பெரிய மனது பண்ணிப் பத்துக் கணக்கையும் அழகாகப் போட்டுக் கொடுத்தேன். உதவி செய்த திருப்தியில் நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

மறுநாள் அதில் ஒரு கணக்கு அப்படியே வந்தது. ஆனால் பஸ்ஸுக்குப் பதில் மோட்டார் சைக்கிள்; எண்களும் வேறு. நண்பனோ நான் போட்டுக் கொடுத்த எண்களையே வரி பிசகாமல் எழுதிவிட்டு வந்தான்! வெளியே வந்ததும், "பத்துல ஒண்ணு வந்துருச்சு மாப்ள" என்று சந்தோஷமாக என் தோளைத் தட்டினான். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அரியர் விழுந்தது. அடுத்த முறையும் அதே மனப்பாடம், அதே முடிவு. இரண்டாம் ஆண்டு பாதியிலேயே படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் மூளையில் குறை என்று யாரும் சொல்ல முடியாது. தோட்டத்து மோட்டார் நின்றுபோனால் பிரித்து மாட்டி ஓடவிடுகிறவன் அவன்தான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் டீ வாங்கிக் கொடுப்பான். "நீ அன்னைக்கு ஹெல்ப் பண்ணின மாப்ள, எனக்குத்தான் ஏறல" என்பான். அந்தச் சொல் முள்ளாகக் குத்துகிறது. நான் செய்தது உதவியா?

இதற்கு விடை, போன வருஷம் காட்ரோட்டில் கிடைத்தது. கொடைக்கானல் மலைப்பாதை பிரிகிற அந்த இடத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். கூட இருந்த முதலாண்டுத் தம்பி நோட்டைப் பிரித்து, "அண்ணே, ஆங்கிள் ஆஃப் பேங்கிங்ல, டேன் தீட்டா சமம் வி ஸ்கொயர் பை ஆர்ஜின்னு இருக்கு. ரோட்ட எதுக்குண்ணே சாய்க்கணும்?" என்று கேட்டான்.

நான் அந்தப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவன். ஆனால் பதில் தெரியவில்லை! நானும் மனப்பாடம்தான் பண்ணியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இருவருமாக யோசித்தோம். மலையேறும் பஸ் வளைவில் திரும்பினால் நாம் ஏன் வெளிப்பக்கம் சரிகிறோம்? பஸ் திரும்புகிறது, நம் உடம்பு நேராகப் போகப் பார்க்கிறது. திரும்ப வேண்டுமானால் வளைவின் மையத்தை நோக்கி ஒரு விசை வேண்டும். சமதள ரோட்டில் அதை டயரின் உராய்வு மட்டுமே தர வேண்டும். மழையில் ரோடு வழுக்கினால்? அதனால்தான் வெளி ஓரத்தை உயர்த்துகிறார்கள். அப்போது ரோடு வண்டியைத் தாங்குகிற விசையே கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்து, உராய்வின் வேலையில் பங்கெடுக்கிறது.

பிறகு கணக்கு. வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர், வளைவின் ஆரம் 50 மீட்டர். தம்பி 36-ஐ வர்க்கமாக்கி 1296 என்று எழுதி, 490-ஆல் வகுத்து, கால்குலேட்டரைத் தட்டி "69 டிகிரி" என்றான். தப்பு என்று நான் சொல்லவில்லை. "69 டிகிரி எப்படி இருக்கும், கையை வச்சுக் காட்டு" என்றேன். உள்ளங்கையைச் சாய்த்துப் பார்த்தவன் சிரித்துவிட்டான். "அண்ணே, இது ரோடா, செவுரா?" "அப்ப எங்க தப்பு?" கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தான். "கிலோமீட்டர மீட்டரா மாத்தலண்ணே!" மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 10 மீட்டர். 100-ஐ 490-ஆல் வகுத்தால் 0.204. கோணம் சுமார் பதினொன்றரை டிகிரி.

அந்தத் தப்பை அவன் இனி ஆயுசுக்கும் செய்ய மாட்டான். ஏன்? கண்டுபிடித்தது அவன். நான் கேள்வி மட்டும்தான் கேட்டேன்.

மாணவன் மாணவனுக்குச் சொல்லிக் கொடுப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான். சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளியில் கொண்டுவந்தார். மாணவர்களையே மாணவர்களுக்குப் பாடம் சொல்ல வைத்தார். 1797-ல் அதை லண்டனில் புத்தகமாகவும் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்றே அதற்குப் பெயர். ஸ்காட்லாந்தில் இன்றும் ஒரு பள்ளிக்கு மெட்ராஸ் காலேஜ் என்று பெயர் இருக்கிறது! ஆனால் அந்த முறை பெரும்பாலும் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைத்தது. நான் என் நண்பனுக்குச் செய்ததும் அதுதான்.

இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர், தன் மாணவர்கள் கஷ்டமான கணக்கைப் போட்டுவிடுகிறார்கள், ஆனால் லாரியும் காரும் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்று கேட்டால் தடுமாறுகிறார்கள் என்று கண்டார். (இரண்டும் சமம்தான், நியூட்டனின் மூன்றாம் விதி!) 1991 முதல் வகுப்பில் ஒரு கேள்வியைக் கொடுத்து, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொன்னார். பத்து வருஷ அனுபவத்தை 2001-ல் வெளியிட்டபோது மாணவர்களின் புரிதல் நன்றாக உயர்ந்திருந்தது. நேற்றுப் புரிந்துகொண்டவனுக்குத்தான் எங்கே இடறும் என்பது ஞாபகம் இருக்கும். அது பேராசிரியருக்கு மறந்து போயிருக்கும்.

சிலர் கேட்கலாம்: "அவனுக்குச் சொல்லிக் குடுத்தா, லேட்டரல் என்ட்ரியில என் சீட்டுக்கே போட்டியா வருவானே?" நண்பா, நான் காட்ரோட்டில் கற்றதை அந்தத் தம்பி கேட்டிருக்காவிட்டால் நான் கற்றிருக்கவே மாட்டேன். லாபம் எனக்குத்தான் அதிகம். "தப்பாச் சொல்லிக் குடுத்துட்டா?" நியாயமான பயம். தீராத சந்தேகத்தை மறுநாள் ஆசிரியரிடம் கொண்டு போவோம். இரண்டு பேர் சண்டை போட்டுவிட்டு வந்து கேட்கிற சந்தேகத்தை எந்த ஆசிரியரும் தட்டிக் கழிக்க மாட்டார்.

ஆகவே மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இதுதான். வாரம் ஒரு மாலை, ஒரு மணி நேரம், ஒரு வகுப்பறையை முதலாண்டு பிசிக்ஸுக்கு ஒதுக்குங்கள். அரியர் வைத்திருப்பவர்களும் கூச்சமில்லாமல் வரட்டும். மூன்று விதிகள் போதும். ஒன்று: பேனா கேட்பவன் கையில்தான் இருக்க வேண்டும், சொல்லிக் கொடுப்பவன் தொடக்கூடாது. இரண்டு: கணக்கு முடிந்ததும் எண்ணை மாற்றி இன்னொரு தரம் போட வேண்டும். மூன்று: விடை வந்ததும், இப்படி நடக்குமா என்று யோசிக்க வேண்டும். ரோடா, செவுரா?

தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் விடைகளைப் போட்டோ எடுத்து அனுப்புகிற நண்பர்களே, உங்கள் நல்ல மனதை நான் குறை சொல்லவில்லை. நானும் அப்படி இருந்தவன்தான். ஆனால் அடுத்த முறை ஒருவன் "மாப்ள, போட்டுக் குடு" என்று வந்தால், பக்கத்தில் உட்காரவையுங்கள். "எதுவரைக்கும் புரியுது, சொல்லு" என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் போகும், போகட்டும்.

அன்று ராத்திரி அந்த ஒரு மணி நேரத்தை நான் கொடுத்திருந்தால், இந்த மலரில் என் நண்பனும் ஒரு கட்டுரை எழுதியிருப்பான்.