மதுரை வீரன் யார் பெற்ற பிள்ளை?

‘மதுரை வீரன்’ படத்தைத் தொலைக்காட்சியில் போட்டால், எழுந்து போகாமல் கடைசிவரை பார்ப்பவர்கள் நம் தெருக்களில் இன்றும் உண்டு. 1956 ஏப்ரலில் வந்த படம். இயக்கம் டி.யோகானந்த். வசனம் நம் சிறுகூடல்பட்டி கண்ணதாசன். வாள் சண்டைக்கு எம்.ஜி.ஆர்., சிரிப்புக்கு என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும். சேரி மக்கள் எம்.ஜி.ஆரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டதில் இந்தப் படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நாம் கும்பிடும் சாமியாகவே அல்லவா அவர் வந்து நின்றார்!

ஆனால் கதையைக் கவனியுங்கள். வீரன் அரசனுக்குப் பிறக்கிறான். சகுனம் சரியில்லை என்று காட்டில் விடப்படுகிறான். செருப்புத் தைக்கும் சின்னானும் செல்லியும் எடுத்து வளர்க்கிறார்கள். படக்காரர்கள் புதிதாகக் கட்டியதல்ல இது; பழைய கதைப்பாடலிலேயே அவன் காசி ராசா மகன்தான். அவன் அருந்ததியர் வயிற்றில் பிறந்தவனே என்ற குரல் நெடுங்காலமாக இருக்கிறது. நாமும் அதையே சொல்கிறோம். பாளையக்காரர் மகள் பொம்மியை மணந்தவன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். அவனை ராசா மகனாக்கிவிட்டால், சாதி மீறிய காதல் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. வீரம் அரண்மனை ரத்தத்துக்குப் போய்விடுகிறது. வளர்த்த கூலி மட்டும் நமக்கு.

சிரிப்பும் அந்தக் குடிசைக்குத்தான் வந்தது. கலைவாணரைக் குறை சொல்லவில்லை. சின்னானை அவர் இழிவுபடுத்தவில்லை, மனிதனாகவே நடித்தார். என்றாலும் வாள் ஒரு பிறப்புக்கு, நகைச்சுவை ஒரு பிறப்புக்கு என்ற பங்கீட்டை அன்று யாரும் கேட்கவில்லை. 2006இல் வந்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ வேறு மாதிரி. சாதிச் சண்டைக்கு மைதானம் திறக்கிற ராசாவைப் பார்த்து ஊரே சிரித்தது. அங்கே சிரிப்புக்கு ஆளானது அரியணை.

இதெல்லாம் வெறும் சினிமாப் பேச்சு என்று மாணவர்கள் நினைக்கக் கூடும். 1930 டிசம்பரில், தேவகோட்டையும் சேர்ந்திருந்த அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. ஆண்கள் சட்டை போடக் கூடாது, முடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அதற்கு 25 ஆண்டுகள் கழித்து வந்த படத்தில், செருப்புத் தைப்பவரின் வளர்ப்பு மகன் காலில் செருப்போடு குதிரை ஏறினான். அதைக் கண்டு நம் பெரியவர்கள் ஏன் விசிலடித்தார்கள் என்பது புரிகிறது. பிறப்புக் கதையை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டதும் புரிகிறது.

நாம் அப்படி விட வேண்டியதில்லை. தேவகோட்டைக் கல்லூரிகளில் தமிழ் படிக்கும் பிள்ளைகள், தங்கள் ஊர் அருந்ததியர் தெருவில் பாட்டிமார் சொல்லும் மதுரை வீரன் கதையைக் கைப்பேசியில் பதிந்து எழுதிக் கொண்டுவரட்டும். காசி ராசா அதில் வருகிறாரா என்று பார்ப்போம்.