பிளேடு மிச்சம், விரல் நஷ்டம்

போன மாசம் ஒரு ராத்திரி, மணி பதினொண்ணு. குவில்ட்டுக்கு இன்னும் நாலே நாலு பட்டைதான் வெட்டணும். முடிச்சுட்டே படுத்துடலாம்னு உட்கார்ந்தேன். கட்டர் ஸ்கேல் மேல ஏறி, இடது ஆள்காட்டி விரல் நுனியைக் கொஞ்சம் சீவிடுச்சு. வலி அப்புறம்தான் வந்துச்சு. முதல்ல மனசுல ஓடினது, "ஐயோ, வெள்ளைத் துணி!" :-(

ரோட்டரி கட்டர் பார்க்காதவங்களுக்கு: பீட்ஸா வெட்டுற சக்கரம் மாதிரி இருக்கும், ஆனா சவர பிளேடு கூர்மை. 1979-ல ஜப்பானோட ஓல்ஃபா கம்பெனி கொண்டு வந்தது. நாலஞ்சு மடிப்புத் துணியை ஒரே தள்ளுல வெட்டிடும். அதுக்கு விரலும் துணிதான்.

கேள்விப்பட்டவங்க எல்லாரும் "கவனமா இருக்கக் கூடாதா?"ன்னாங்க. இங்கதான் எனக்கு உடன்பாடு இல்லை. ராத்திரி பதினோரு மணிக்குக் கவனம் தூங்கிடும், பழக்கம்தான் முழிச்சிருக்கும். என் பழக்கம்தான் தப்பு.

முதல் தப்பு, மொண்ணை பிளேடு. அங்கங்கே நூல் அறுபடாம விட்டுக்கிட்டே வந்துச்சு. மாத்த மனசு வராம அழுத்தி ஓட்டினேன். அழுத்துறப்போதான் சக்கரம் தடம் மாறும். மிச்சம் பிடிச்சது ஒரு பிளேடு காசு. டாக்டருக்குக் கொடுத்தது அதைப் போல பல மடங்கு.

ரெண்டாவது, 24 இஞ்ச் ஸ்கேலை நடுவுல ஒரே இடத்துல பிடிச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் ஓட்டினது. மேல் நுனிக்குப் போறப்போ ஸ்கேல் திரும்பிடும். பாதியில கட்டரை அப்படியே நிறுத்தி, இடது கையை மேல நகர்த்தி, அப்புறம் மிச்சத்தை வெட்டணும். விரலெல்லாம் வெட்டுற விளிம்பிலிருந்து ஒரு இஞ்சாவது தள்ளி இருக்கணும். சுண்டுவிரலை எதிர்ப்பக்க விளிம்புக்கு வெளியே மேட் மேல ஊனிக்கிட்டா ஸ்கேல் நகராது.

மூணாவது, உட்கார்ந்து வெட்டினது. நின்னுக்கிட்டு வெட்டினாதான் உடம்பு பாரம் ஸ்கேல் மேல விழும், கோடும் நேரா தெரியும். கட்டர் எப்பவும் நம்மை விட்டு வெளிப்பக்கமாத்தான் போகணும்.

அடுத்தது கிளவுஸ். வெட்டுத் தாங்குற கிளவுஸை ஸ்கேல் பிடிக்கிற கையில போட்டுக்கச் சொன்னா, "அனுபவசாலிக்கு எதுக்கு?"ங்கிறாங்க. பத்து வருஷமா வண்டி ஓட்டுறேன், ஹெல்மெட் எதுக்குன்னு கேக்குற மாதிரிதான் இதுவும். புதுசா கத்துக்கிறவங்களுக்காவது பயம் இருக்கும். நமக்கு அது போயிடுச்சே! கிளவுஸ் முழுக் கவசம் இல்லைதான். ஆனா வெட்டு ஆழத்தைக் குறைக்கும்.

இன்னொண்ணு. கட்டரைக் கீழ வைக்கிற ஒவ்வொரு தடவையும் பிளேடை மூடுங்க, ஒரு நொடிக்கு வச்சாலும் சரி. பழைய பிளேடை வெறுமனே குப்பையில போடாதீங்க. மூடி உள்ள தகர டப்பாவுல சேர்த்து, டேப் சுத்திப் போடுங்க. குப்பை அள்ளுறவங்களுக்கும் விரல் பத்துதான்.

வெட்டிட்டா, சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சு கையை உயரத் தூக்கி வைங்க. காபித்தூள், மஞ்சப்பொடி எல்லாம் வேண்டாம். ரத்தம் நிக்கலைன்னாலும், விரல் மடங்கலைன்னாலும், மரத்துப் போனாலும் உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க.

காயம் ஆறிடுச்சு. ஆனா ஊசி பிடிக்கிறப்போ அந்த இடத்துல மட்டும் துணி தெரியலை. தைக்கிறவங்களுக்கு விரல் நுனிதான் கண்ணு. பிளேடை மாத்துங்க, மக்களே.

டிஸ்கி: வெள்ளைத் துணி தப்பிச்சுடுச்சு. ஆனா அந்த நாலு பட்டையை இன்னும் வெட்டலை. :-)