எதிரியின் வாதத்தை எழுதியவர் தலையில் கட்டலாமா?

பவுல் தாம் பொய்யர் என்பதைத் தாமே ஒப்புக்கொண்டார் என்று நம்மவருள் சிலர் மேடைகளில் முழங்குகின்றனர். உரோமர்க்கு அவர் எழுதிய மடலின் 3-ஆம் அதிகாரம், 7-ஆம் வசனத்தைச் சான்றாகக் காட்டுகின்றனர். கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால், அந்த வாதம் நிற்குமா?

கி.பி. 57-ஐ ஒட்டி எழுதப்பட்டதாக அறிஞர் பெரும்பாலோர் கருதும் அம்மடலில், கிரேக்கத் தத்துவ ஆசிரியர்கள் கையாண்ட ஒரு வாத முறை பயில்கிறது. எதிரே ஒருவன் நின்று தடை எழுப்புவதாகக் கற்பித்து, அவன் கேள்வியை அவன் குரலிலேயே கூறி, பின்னர் விடை பகர்வது அம்முறை. பவுலுக்குச் சற்றே பிற்பட்ட எபிக்டீட்டசின் பாடங்களிலும் இதனைக் காணலாம். ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் புல்ட்மன் இவ்வொற்றுமையை ஆராய்ந்து 1910-இல் ஒரு நூலே எழுதினார். அப்படி ஆகவே ஆகாது என்னும் பொருளுடைய கிரேக்கத் தொடர் உரோமர் மடலில் மட்டும் 10 இடங்களில் வந்து, எழுப்பிய தடையை வெட்டுகிறது.

பவுல் சொல்லத் தெர்தியு என்பவர் எழுதிய மடல் அது. சபையில் உரக்கப் படிக்கப்பட்டது. மேற்கோள் குறிகள் அக்கால எழுத்தில் இல்லை. யாருடைய பேச்சு என்பதைப் படிப்பவரின் குரலும் முன்பின் தொடர்புமே உணர்த்தின.

பொய்யைப் பற்றிய வசனம் அத்தகையதொரு தடைக் கேள்வியே. நன்மை விளையும்பொருட்டுத் தீமை செய்யலாம் எனத் தாம் போதிப்பதாகச் சிலர் அவதூறு கூறுவதை அடுத்த வசனத்திலேயே பவுல் கண்டிக்கிறார். அவர் அவதூறு என்று தள்ளியதை நாம் அவருடைய வாக்குமூலம் என்கிறோம்!

மத்ரஸாக்களில் ஓதியவர்களுக்கு இம்முறை புதிதன்று. 'ஃபஇன் கீல' என்று தடையையும், 'குல்னா' என்று விடையையும் நம் இமாம்கள் எழுதவில்லையா? தடையை மட்டும் கத்தரித்து, அதுவே இமாமின் கொள்கை என்றால் ஏற்போமா? போதையில் தொழுகையை அணுகலாகாது என்னும் இறைவசனத்தின் முற்பாதியை மட்டும் ஓதுபவனைக் கண்டு நகைக்கும் நாம், பிறர் நூலில் அதையே செய்யலாமா?

பவுலின் கொள்கை நமக்கு உடன்பாடன்று. ஈஸா நபி (அலை) அவர்களைப் பற்றியும், நியாயப்பிரமாணத்தைப் பற்றியும் அவர் மெய்யாகவே எழுதியவை இருக்கின்றன. அவற்றை எடுத்து மறுப்போம். அழகிய முறையில் வாதிடுமாறு அந்நஹ்ல் அத்தியாயம் (16:125) ஆணையிடுகிறது. மேடையேறுமுன் அந்த 3-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து ஒருமுறை படியுங்கள். அதற்கு நேரமில்லையெனில், அவ்வசனத்தைத் தொடாது விடுங்கள்.