பெருங்களத்தூரில் பிறந்த கார்

நாற்பத்தொன்பது வயதான கார் ஒன்று உங்களிடம் இருந்தால், அரசாங்கத்தின் கண்ணுக்கு அது ஒரு தொந்தரவு. அதே கார் அடுத்த ஆண்டு ஐம்பதைக் கடந்துவிட்டால், அது தேசத்தின் புராதனச் செல்வம். இந்த வாரம் முழுவதும் எனக்கு எரிச்சலூட்டிக்கொண்டிருக்கும் விஷயம் இதுதான். 2021இல் வந்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டு கடந்தும் ஆதி உருவம் மாறாதிருக்கும் வண்டியை 20,000 ரூபாய் கட்டி ‘விண்டேஜ்’ என்று பதிந்துகொள்ளலாம். அந்த வயதை எட்டாமல் இருபதை மட்டும் தாண்டி நிற்கும் கார், பதிவைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்டு முதல் 10,000 ரூபாய் செலுத்தவேண்டும். அதற்கு முன்பு 5,000, 2022க்கு முன்பு வெறும் 600. இருபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே உள்ள முப்பது ஆண்டுகளை ஒரு கார் எந்த ஆகாரத்தை உண்டு கடப்பது என்று விதி எழுதினவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: விண்டேஜ் பட்டம் பெற்ற காரை அன்றாடக் காரியங்களுக்குச் சாலையில் ஓட்டலாகாது. கண்காட்சிக்குப் போகலாம், கத்தரிக்காய் வாங்கப் போகக்கூடாது.

சுத்தமான காற்றுக்கு நான் விரோதியல்லன். புகை கக்கும் வண்டியைச் சோதித்து ஒதுக்குவதை நானறிந்த கார்ப் பிரியர் எவரும் ஆட்சேபிக்கவில்லை. என்ஜினைத் திறந்து பாராமல் ஜாதகத்தை மட்டும் பார்த்து ஆயுளைத் தீர்மானிக்கும் முறையைத்தான் அவர்கள் ஆட்சேபிக்கிறார்கள். தில்லியில் 2025 ஜூலை முதல் தேதி, பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கும் எரிபொருள் கிடையாது என்று சொல்லி, பெட்ரோல் பங்குகளில் காமிராவையும் பொருத்திக் காத்திருந்தார்கள். ஜனங்கள் போட்ட கூக்குரலில் சில தினங்களுக்குள்ளாகவே அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு நீதிமன்றத்தில் நடந்தவற்றை எல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பழைய கார் என்ற பேச்சு எழுந்தவுடன் என் பேனா எந்தத் திசையில் திரும்பும் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்; தெரிந்தும் படிப்பவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல?

ஆம், ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான். இன்று கார்த் தொழிற்சாலைகள் சூழ்ந்திருக்கும் சென்னை நகரத்துக்கு, அவை யாவும் வருவதற்கு வெகுகாலம் முன்பே, பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கத்தில் சொந்தமாக ஒரு கார் பிறந்துகொண்டிருந்தது என்பதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுப்பதில்லை. இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த உருவம்; இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்து, இங்கே 1961 முதல் தயாராயிற்று. உடம்பு முழுவதையும் ஒரே கூடாகச் செய்யும் வசதி அதைச் செய்த ஆங்கிலக் கம்பெனிக்கு அப்போது இல்லாதபடியால், தனிச் சட்டகம் ஒன்றின் மேல் உடம்பைத் துண்டு துண்டாகப் போல்ட்டுப் போட்டு முடுக்கும் பழைய முறைக்கே திரும்பினார்கள். வறுமையில் பிறந்த இந்த யுக்தி, கைக்கருவிகளை மட்டுமே நம்பிய நம் மெக்கானிக்குகளுக்குப் பெரிய உபகாரமாக முடிந்தது. பானெட்டை முன்பக்கமாகச் சாய்த்தால் இரு பக்கத்து மட்கார்டுகளும் அதனுடன் சேர்ந்தே எழும்பி, என்ஜினும் முன் சக்கரங்களும் முழுமையாகத் தரிசனம் தர, மெக்கானிக் டயரின் மேலேயே அமர்ந்து சாவகாசமாக வேலை பார்க்கலாம். வளைவில் வேகமாகத் திருப்பினால் பின் சக்கரங்கள் உள்ளே மடங்கும் துர்க்குணம் அதற்கு உண்டென்பதை நான் மறைக்கவில்லை. ஹெரால்டைத் தொடர்ந்து எழுபதுகளில் வந்த கஸல் என்ற காரில் நம்மவர்களே வேறு அச்சைப் பொருத்தி அந்தக் குறையைத் தீர்த்தார்கள். இங்கிலாந்து ஒருபோதும் செய்யாத நாலு கதவு ஹெரால்டையும் சென்னைதான் செய்தது.

இவ்விதம் கழற்றி மாட்டக்கூடிய வண்டிக்கு ஆயுள் இத்தனை ஆண்டு என்று யாரால் வரையறுக்க முடியும்? உதிரிச் சாமான் கிடைக்கும் வரையில் அது ஓடும். தொழிற்சாலை எண்பதுகளின் இறுதியில் மூடப்பட்டபின், அச்சாமான் இன்னொரு ஹெரால்டின் உடம்பிலிருந்துதான் வரவேண்டும். அது வந்து சேரும் இடம் பழைய சாமான் கடைகள் நிறைந்த புதுப்பேட்டை. எனவே கார்ப் பிரியர்களின் மெய்யான பயம், தங்கள் வண்டியை யாரோ பறித்துக்கொள்வார்கள் என்பதல்ல. பழைய வண்டியை அழிக்கக் கொடுத்தால் புதுக் காருக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை என்ற ஆசையில், எங்கோ கொட்டகையில் உறங்கும் வண்டிகள் பிரிக்கப்படாமலே நசுக்கப்பட்டுவிட்டால், ஓடுகிற வண்டியின் கதி என்ன என்பதே அவர்கள் கவலை. அமெரிக்காவில் 2009இல் பழைய காரைக் கொடுத்துப் புதியது வாங்குவோருக்கு 3,500 அல்லது 4,500 டாலர் கொடுத்தபோது, திரும்பி வந்த காரின் எண்ணெயை வடித்துவிட்டு, சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி, என்ஜின் இறுகி நிற்கும் வரை ஓடவிடவேண்டும் என்று விதித்திருந்தார்கள். ஏறத்தாழ 6,77,000 வண்டிகளுக்கு இந்த முடிவு. நல்ல என்ஜின்களையும் சேர்த்துக் கொல்வதை எதிர்த்து அங்குள்ள கார்ப் பிரியர்களும் சாமான் வியாபாரிகளும் குரல் எழுப்பினார்கள். 25 வயது ஆன கார்களாவது அந்தத் திட்டத்துக்கு வெளியே நின்று தப்பித்தன.

புதுப்பேட்டையிலோ எதுவும் வீணாவதில்லை. என் நண்பர் தம்முடைய கஸலுக்குக் கதவுப் பிடி ஒன்று தேடி அங்கே போனபோது நானும் துணைக்குப் போயிருந்தேன். நாலைந்து கடைகள் ஏறி இறங்கிய பிறகு, பெரியவர் ஒருவர் மட்டும், அந்தப் பெயரை இளம்பிராயத்துச் சிநேகிதனின் பெயரைப் போலக் கேட்டு மலர்ந்து, பரண்மேல் வெகுநேரம் துழாவிவிட்டு வெறுங்கையோடு இறங்கினார். பிறகு நண்பரின் போன் நம்பரை மிகுந்த சிரத்தையுடன் குறித்துக்கொண்டார். சாமான் கிடைத்தால் சொல்லத்தான் என்று நண்பர் நன்றி கூறத் தொடங்கினார். “அதுக்கில்லை சார், இன்னொரு பார்ட்டி ரொம்ப நாளா ஸ்டாண்டர்டு வண்டிக்குப் பொருள் கேட்டுக்கிட்டிருக்காரு. உங்க வண்டியை எப்பவாவது உடைக்கிறதா இருந்தா, மொதல்ல எனக்குச் சொல்லுங்க” என்றார் பெரியவர்.