எழுதுகோலைப் பறிக்கும் உதவி

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே நெடுஞ்சாலையோரம் அமைந்த நம் குந்தாரப்பள்ளியில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதே பெற்றோரின் பெருங்கவலையாயிருந்த காலம் ஒன்றுண்டு. இன்று ஓசூர்த் தொழிற்சாலைகளில் இரவுப்பணி பார்க்கும் தந்தையர், தம் மக்களை மேற்படிப்புக்குக் கடல் கடந்து அனுப்ப விழைகின்றனர். இது நாம் மகிழ வேண்டிய மாற்றம். ஆனால், இம்மகிழ்ச்சியின் வாயிலிலேயே ஒரு பொய் வந்து நிற்கிறது. அதைப் பொய் என்று சொல்லத்தான் நாம் தயங்குகிறோம்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, முதுகலைச் சேர்க்கைக்கு மதிப்பெண் பட்டியலோடு ஒரு கட்டுரையையும் கேட்கின்றன. நீ யார், இதை ஏன் கற்க விரும்புகிறாய் என்பதே கேள்வி. மாணவர்கள் இதனை 'எஸ்.ஓ.பி.' என்பர். இதைக் கூலிக்கு எழுதித் தருவோர் உளர். 2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின், கணினியே நொடியில் எழுதித் தருகிறது. "கொஞ்சம் மெருகேற்றினோம், அவ்வளவுதான்" என்பது அனைவரும் சொல்லும் சமாதானம்.

பிறரைக் குறை கூறுமுன் நம் குற்றத்தை அறிக்கையிடுவோம். உணவுத் தொழில்நுட்பம் பயில விரும்பிய பங்கு மாணவி ஒருத்தி, தன் கட்டுரையைத் திருத்தித் தருமாறு நம்மிடம் கொண்டுவந்தாள். அவளுடைய தாய் பருவகாலத்தில் மாங்கூழ் தொழிற்சாலைக்கு வேலைக்குச் செல்பவர். ஆலைக்கு வெளியே குவிந்து அழுகும் மாங்கொட்டைகளையும், அந்த நாற்றத்தோடு வீடு திரும்பும் தாயையும், இக்கொட்டையால் ஒரு பயனும் இல்லையா என்று தான் எண்ணியதையும் அவள் எழுதியிருந்தாள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறியது. குருமடத்தில் கற்ற ஆங்கிலத்தின் பெருமிதத்தில் நாம் அனைத்தையும் அடித்துவிட்டு, 'சிறு வயது முதலே அறிவியல்மீது எனக்குத் தணியாத தாகம்' என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தோம். அவள் படித்துப் பார்த்துவிட்டு, "சாமி, இதுல எங்கம்மா எங்கேயுமே வரலையே" என்றாள். நம்மிடம் மறுமொழி இல்லை.

2007ஆம் ஆண்டு, பிரித்தானியப் பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யூகாஸ், இளநிலைப் படிப்புக்கு வந்த கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. 234 பேர் ஒரே கதையைச் சொல்லியிருந்தனர். எட்டு வயதில் வேதியியல் சோதனை செய்தபோது இரவு உடையில் ஓட்டை விழ எரித்துக்கொண்டார்களாம். அன்று பிறந்ததாம் அறிவியல் ஆர்வம்! இரவல் சொற்கள் எல்லாரையும் ஒரே முகமாக்கிவிடும். மாங்கொட்டைக் குவியலோ அம்மாணவிக்கே உரிய தொடக்கம். அதை அழித்தது நம் பேனா.

ஈசாக்கின் ஆசியைப் பெற, ஆட்டுத்தோலைக் கைகளில் போர்த்தி யாக்கோபை அனுப்பியவர் அவருடைய தாய் ரெபேக்கா என்று தொடக்க நூலில் படிக்கிறோம். அன்பினால்தான் செய்தார். ஆயினும் குரல் ஒருவருடையது, கை மற்றொருவருடையது என்று பார்வை மங்கிய முதியவரே ஐயுற்றார். ஆசி கிடைத்தது, மகனோ வீட்டை விட்டு ஓட நேர்ந்தது. இரவல் கட்டுரையால் இடம் பெறும் பிள்ளையும் வகுப்பறையில் தன் சொந்தக் குரலில்தான் பேசியாக வேண்டும். ஆட்டுத்தோல் அங்கே உதவாது. கல்விக் கடனோ தந்தையின் தலைமேல்.

"வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்குத் திருத்தித் தர வீட்டிலேயே ஆள் உண்டு, ஏழைப் பிள்ளை மட்டும் தனியே தடுமாற வேண்டுமோ?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உதவியே கூடாது என்போர், அறிந்தோ அறியாமலோ ஏழைக்குக் கதவடைக்கின்றனர். நம் வாதம் அதுவன்று. எத்தகைய உதவி என்பதே கேள்வி.

இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. இதழாசிரியர், நமக்கு அண்மையிலுள்ள பெங்களூரின் சென்ட்ரல் கல்லூரிப் பேராசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார். இராமானுஜன் எழுதிய முறை பிறருக்கு எளிதில் விளங்கவில்லை. ஐயங்கார் அதைத் தாமே எழுதி முடித்துவிடவில்லை. தெளிவு வரும்வரை மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்பினார். எழுதுகோல் இராமானுஜனின் கையிலேயே இருந்தது. திருத்தூதர் பவுல் உரோமையருக்கு விடுத்த திருமுகத்தைக் கைப்பட எழுதியவர் தெர்த்தியு. அவர் ஒளிந்துகொள்ளவில்லை, திருமுகத்தின் இறுதி அதிகாரத்தில் தம் பெயரைச் சொல்லியே வாழ்த்துக் கூறுகிறார்.

இவ்விரண்டும் நமக்கு அளவுகோல். எழுதுகோல் யார் கையில் இருந்தது? உதவியவரின் பெயரையும் அவர் செய்ததையும் பல்கலைக்கழகத்திடம் கூசாமல் சொல்ல முடியுமா? முடியுமானால் அது உதவி. மறைக்க வேண்டியதாயின், 'இது என் சொந்தப் படைப்பே' என்று இடும் கையொப்பம் எட்டாம் கட்டளை விலக்கும் பொய்ச்சான்று. கூலி வாங்கியவருக்கு மட்டுமன்று, கொடுத்த பெற்றோருக்கும், இலவசமாக எழுதித் தந்த பங்குக் குருவுக்கும் அதில் பங்குண்டு.

நம் பங்குகளில் ஆசிரியர்கள் இருக்கின்றனர், பொறியாளர்கள் இருக்கின்றனர். ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் இப்பிள்ளைகளோடு அமருங்கள். "இந்த வரி விளங்கவில்லை, என்ன சொல்ல வருகிறாய்?" என்று கேளுங்கள். எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டுங்கள். பேனாவை மட்டும் வாங்காதீர்கள்.

அந்த மாணவி தன் கட்டுரையைத் தானே மீண்டும் எழுதினாள். நாம் கேள்விகளோடு மும்முறை திருப்பிக் கொடுத்தோம். மாங்கொட்டை இப்போது முதல் வரியில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் விடை இன்னும் வரவில்லை. வரும் விடை எதுவாயினும், அது அவளுக்கு உரிய விடையாக இருக்கும்.