சிந்தினால்தான் என்ன?

இலங்கையில் முன்பள்ளிக்கு மக்கள் வழக்கில் இன்னொரு பெயர் உண்டு. பிள்ளை 'மொண்டிசோரி'க்குப் போகிறது என்றுதான் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் சொல்வார்கள். அது ஒரு பெண்மணியின் குடும்பப் பெயர் என்பதும், அந்தப் பெண்மணி இந்தத் தீவுக்கு நேரில் வந்தவர் என்பதும் அந்தப் பெயர்ப்பலகைகளைத் தினமும் கடந்து செல்பவர்களில் பலருக்குத் தெரியாது.

மருத்துவரான மரியா மொண்டிசோரி 1907 ஜனவரி 6 ஆம் திகதி ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தமது முதலாவது 'சிறுவர் இல்ல'த்தைத் திறந்தார். 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்தவர், இரண்டாவது உலகப் போர் மூண்டதால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் சிறிது காலம் வாழ்ந்தார். 1944 இல் இலங்கையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார்.

அவருடைய சிந்தனை எங்கிருந்து தொடங்கியது என்பதற்கு அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் ஒரு சம்பவத்தைச் சொல்வார்கள். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்டு, ஒரு வெற்று அறையில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பிள்ளைகளை அவர் பார்க்கச் சென்றிருந்தார். சாப்பாடு முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் தரையில் சிந்திக் கிடக்கும் பாண் துணுக்குகளைப் பொறுக்குகிறார்கள் என்று அங்கு பணிபுரிந்த பெண் அருவருப்புடன் முறையிட்டார். மொண்டிசோரி அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். கையால் தொடுவதற்கும் உருட்டுவதற்கும் அங்கே வேறு ஒரு பொருளும் இல்லை. பசி பிள்ளைகளின் வயிற்றுக்கு இல்லை, கைகளுக்கு என்பதை அவர் விளங்கிக்கொண்டார்.

பின்னர் அவர் அமைத்த வகுப்பறைகளில் தானியத்தையும் தண்ணீரையும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றிப் பழகுவதற்குச் சிறு குவளைகள் இருந்தன. சிந்தியதைத் துடைப்பதற்குத் துணியும் கூட்டுவதற்குச் சிறிய தும்புத்தடியும் இருந்தன. எழுத்துகள்கூட சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டப்பட்டிருந்தன. பென்சிலைப் பிடிப்பதற்கு முன்னர் பிள்ளை விரலால் அவற்றைத் தடவி உணரவேண்டும் என்பது அவரது முறை. இவற்றை அவர் விளையாட்டு என்றுகூடச் சொல்லவில்லை. பிள்ளையின் வேலை என்றார்.

அவருடைய பெயரைத் தாங்கிய எமது முன்பள்ளிகள் பலவற்றில் இன்று காணக்கூடியதாக இருப்பது என்ன? மூன்றரை வயதுப் பிள்ளைகள் வரிசையாகக் கதிரைகளில் அமர்ந்திருக்கிறார்கள். புள்ளிக் கோட்டின் மேல் எழுத்தெழுதுகிறார்கள். ஆங்கில நெடுங்கணக்கை ஒப்புவிக்கிறார்கள். மாலையில் வீட்டு வேலையும் உண்டு.

இதற்கு ஆசிரியைகளை மாத்திரம் குறை சொல்வது நியாயமாகாது. சிறிய கொடுப்பனவுக்கு உழைக்கும் அந்தப் பெண்களில் பலர் விளையாட்டின் அருமையைப் பயிற்சி நெறிகளில் படித்தவர்கள்தான். ஆனால், பிள்ளை கொப்பியில் எதுவும் எழுதாமல் சட்டையில் மண்ணோடு வீடு திரும்பினால் மறுநாள் காலையில் பெற்றோர் வாசலில் நிற்பார்கள். பக்கத்து முன்பள்ளியில் பிள்ளைகள் நூறு வரை எழுதுகிறார்களே என்று கேட்பார்கள். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் மூன்று வயதுப் பிள்ளையின் மேசை வரை நீண்டு கிடக்கிறது.

பிறக்கும்போது மனிதக் குழந்தையின் மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிற்றெலும்புகளும் குருத்தாகவே இருக்கின்றன. அவை ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகத்தான் எலும்பாக முற்றுகின்றன. கடைசி எலும்பு முற்றத் தொடங்கும்போது பிள்ளைக்கு ஏறத்தாழப் பத்து வயதாகிவிடும். இயற்கை இவ்வளவு நிதானமாகக் கட்டும் கையிடம் நாம் மூன்று வயதிலேயே கூரிய பென்சிலைக் கொடுத்து அவசரப்படுத்துகிறோம். அந்தக் கை கேட்பது மாவும் மண்ணும் தண்ணீரும். பிசைந்தும் பிழிந்தும் கிள்ளியும் உருட்டியும் உறுதிப்பட்ட விரல்கள் பின்னர் பென்சிலைச் சிரமமின்றிப் பிடித்துக்கொள்ளும்.

முன்பள்ளியில் கிடைக்காதது வீட்டிலாவது கிடைக்கிறதா என்று பார்த்தால் அங்கேயும் நிலைமை ஆறுதலளிப்பதாக இல்லை. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது மூத்த பிள்ளையின் படிப்புக்கென்று வீட்டுக்குள் வந்த கைத்தொலைபேசி, இன்று இளைய பிள்ளைக்குச் சோறூட்டும் கருவியாக மாறிவிட்டது. இரண்டு வயது நிறையாத பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டிலிருந்து நான்கு வயது வரையான பிள்ளைக்கு ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட வேண்டாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியிருக்கிறது. திரையில் ஓடும் தண்ணீர் கையை நனைப்பதில்லை. பிள்ளைக்கு அதனால் நேரும் பிரதானமான இழப்பு இதுவே.

விளையாட்டுப் பொருள் வாங்க எங்களிடம் காசில்லையே என்று பெற்றோர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இந்தக் குரல் மேலும் ஓங்கி ஒலிக்கிறது. அவர்களுடைய கஷ்டத்தை மறுப்பதற்கில்லை. ஆனால், இந்த விடயத்தில் குறைவாக இருப்பது காசல்ல. எலினோர் கோல்ட்ஸ்மீட் என்ற பிரித்தானியக் கல்வியாளர் உட்காரப் பழகிய, ஆனால் இன்னும் நடக்கத் தொடங்காத குழந்தைகளுக்கென்று 'புதையல் கூடை' என்ற ஒன்றை வகுத்தார். ஒரு தட்டையான கூடை. அதற்குள் மரக்கரண்டி, உலோகக் கிண்ணம், தூரிகை, துணி, தேசிக்காய் போன்ற வீட்டுப் பொருட்கள். பிளாஸ்டிக் மாத்திரம் கூடாது. பிளாஸ்டிக்கில் செய்த யானையும் வாழைப்பழமும் தொட்டால் ஒன்றுதான், முகர்ந்தால் ஒன்றுதான், வாயில் வைத்தாலும் ஒன்றுதான். உலோகம் குளிரும், மரம் குளிராது, தேசிக்காய் மணக்கும். பெரியவர் அருகே பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

எமது குசினியில் இல்லாத புதையலா? சிரட்டை, அகப்பை, சுளகு, அரிதட்டு, இடியப்ப உரல், மூடியுள்ள தகரப்பேணி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இரண்டு சிரட்டைகளைத் தட்டினால் தாளம். பேணிக்குள் கடலையைப் போட்டு மூடியை இறுக்கினால் கிலுகிலுப்பை. புட்டுக்கு மா குழைக்கும்போது ஒரு பிடியைப் பிள்ளையிடம் கொடுத்தால் அரை மணித்தியாலம் அடுப்படியில் அமைதி. வெள்ளைத் துணியில் மஞ்சள் தண்ணீரைத் தோய்த்து உலர்த்தி, அதன் மேல் சவர்க்கார நுரையால் பிள்ளையைக் கோடு போட விடுங்கள். கோடு சிவப்பாகத் தெரியும். ஆலத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே இரசாயனம்தான். நுங்கு குடித்து முடித்த கோம்பைகள் இரண்டைத் தடியில் கோத்து வண்டில் உருட்டியவர்களும், பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியவர்களும்தான் இன்று பேரப்பிள்ளைக்கு மின்கலத்தில் ஓடும் காரைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே ஒரே அளவு தண்ணீர் கொண்ட இரண்டு குவளைகளைப் பிள்ளைகளிடம் காட்டி, பின்னர் அவற்றில் ஒன்றை ஒடுங்கிய உயரமான குவளைக்குள் ஊற்றினார். எதில் தண்ணீர் கூட என்று கேட்டபோது, ஏறத்தாழ ஆறு, ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெரும்பாலும் உயரமான குவளையையே காட்டினர். அளவு மாறவில்லை என்பதைப் பிள்ளைக்கு வாயால் சொல்லி விளங்கவைக்க இயலாது. கிணற்றடியில் பேணியிலிருந்து சிரட்டைக்கும் சிரட்டையிலிருந்து போத்தலுக்கும் ஊற்றி ஊற்றி, நிரம்பி வழிவதைக் கண்டு கண்டுதான் அந்த அறிவு கைவழியாக உள்ளே இறங்குகிறது. கணிதத்தின் முதலாவது பாடம் அதுதான்.

இவையெல்லாம் மேலைத்தேயத்திலிருந்து வந்த புதுமைகள் என்று எவரும் எண்ணத் தேவையில்லை. பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்றின் 188 ஆம் பாட்டு, நெய்ச்சோற்றைக் கையால் கலக்கி உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளையைக் காட்டி, அத்தகைய பிள்ளை இல்லாத செல்வர் வாழ்ந்து கண்ட பயன் என்ன என்று கேட்கிறது. பிள்ளையின் கை அளைந்த கூழின் சுவையைச் சொன்னவர் வள்ளுவர். மணலில் கட்டும் சிற்றிலும் கையால் உருட்டும் சிறுதேரும் பிள்ளைத்தமிழில் தனித்தனிப் பருவங்களாகவே வைக்கப்பட்டன. சிந்துவதையும் கலைப்பதையும் இலக்கியத்தில் கொண்டாடிய சமூகம், தன் வீட்டுத் தரையில் நாலு பருக்கை விழுந்தால் பிள்ளையின் கையில் அடிக்கிறது.

விஜயதசமியன்று எமது வீடுகளிலும் கோவில்களிலும் ஏடு தொடக்குகிறோம். தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுதுவிக்கிறோம். எழுத்தை முதலில் விரல் உணரவேண்டும் என்ற மொண்டிசோரியின் கொள்கைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறு இல்லை. ஆனால், அந்த அரிசியை அன்றைக்கே அள்ளி எடுத்துவிட்டு, மறுநாள் பென்சிலை நீட்டிவிடுகிறோம். அந்தத் தாம்பாளம் இன்னும் ஓராண்டு பிள்ளைக்கு முன்னால் இருந்தால் என்ன?

உணவை விளையாட்டுப் பொருளாக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. பட்டினியை அறிந்த மக்கள் நாம். விளையாடி முடித்த அரிசியைக் களைந்து உலையில் போடலாம். அரிசி வேண்டாம் என்பவர்களுக்கு ஆற்றுமணலும் உமியும் இருக்கின்றன. சமையலுக்கு உதவுவதே பிள்ளைக்கு விளையாட்டுத்தான். கீரை ஆய்வதும், அவித்த உருளைக்கிழங்கின் தோலை உரிப்பதும், வெங்காயச் சருகை ஊதிப் பறக்கவிடுவதும் எதையும் வீணாக்குவதில்லை.

பாதுகாப்பு விடயத்தில் மாத்திரம் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் புளியங்கொட்டை, கடலை, பொத்தான் போன்றவற்றைக் கொடுக்கக் கூடாது. தொண்டையில் சிக்கிவிடும். வட்டச் சிறு மின்கலமும் மண்ணெண்ணெய்ப் போத்தலும் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கவேண்டும். வாளித் தண்ணீரருகே பிள்ளையை ஒரு நிமிடமும் தனியே விடலாகாது. விளையாடி முடிந்ததும் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள். தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு பெருகும். கவிழ்க்கும் வேலையையும் பிள்ளையிடமே கொடுத்துவிடலாம்.

வடக்கு கிழக்கைப் பொறுத்தவரை இந்தப் பிரச்சினைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. போர் முடிவடைந்த 2009 இற்கு முன்னரும் பின்னரும் கண்ணிவெடி விழிப்பூட்டல் சுவரொட்டிகள் பாடசாலைச் சுவர்களிலும் சந்திகளிலும் தொங்கின. தெரியாத பொருளைத் தொடாதே என்பதே அவற்றின் செய்தி. எத்தனையோ பிள்ளைகளின் கால்களையும் கைகளையும் காத்த சொல் அது. அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று தாயாகவும் தந்தையாகவும் இருக்கிறார்கள். மண்ணைக் கண்டு அஞ்சப் பழகியவர்களிடம், உங்கள் பிள்ளையை மண்ணில் விளையாட விடுங்கள் என்று சொல்வது இலகுவான காரியமல்ல. வெடிபொருள் அகற்றப்படாத நிலம் இன்னும் இருக்கும்வரை அந்த எச்சரிக்கையும் இருக்கவே வேண்டும். ஆனால், கூட்டிப் பெருக்கிய சொந்த முற்றத்திலும் அடுப்படியிலும் அந்தச் சொல்லை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்க வேண்டியதில்லை. அங்கேயாவது 'தொட்டுப் பார்' என்று சொல்லத் தொடங்குவோம்.

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் முற்றம் இல்லை, தரையெல்லாம் கம்பளம் என்பது உண்மைதான். குளியல் தொட்டி இருக்கிறது, பழைய விரிப்பு இருக்கிறது. பிள்ளைக்குத் தமிழ் வரவில்லையே என்று கவலைப்பட்டு வார இறுதியில் தமிழ்ப் பாடசாலைக்குக் காரில் கொண்டுபோய் இறக்குகிறீர்கள். பிசை, உருட்டு, சலி, கொழி, புடை, தெள்ளு என்ற சொற்களையெல்லாம் கரும்பலகையில் எழுதி விளங்கவைக்க எந்த ஆசிரியராலும் முடியாது. அம்மம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சுளகில் கை வைக்கும் பிள்ளைக்குப் புடைப்பதற்கும் கொழிப்பதற்கும் உள்ள வித்தியாசம் சொல்லாமலே விளங்கும்.

ஐக்கிய நாடுகள் சபையின் 1989 ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை விளையாட்டைப் பிள்ளையின் உரிமையாக அங்கீகரிக்கிறது. இலங்கை 1991 இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனால், இந்த உரிமையை வழங்கவோ மறுக்கவோ கூடிய அதிகாரம் நடைமுறையில் வீட்டில் துடைப்பத்தைக் கையில் வைத்திருப்பவரிடமே இருக்கிறது. பெரும்பாலும் அது நாள் முழுதும் உழைத்துக் களைத்த ஒரு தாய். சிந்தியதை அவர் ஒருவரே கூட்டவேண்டும் என்றிருக்கும் வீட்டில் அவர் 'தொடாதே' என்று சொல்வதில் வியப்பில்லை. ஆகவே எனது வேண்டுகோள் முதலில் தந்தையருக்கே. மாலையில் கைத்தொலைபேசியை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, பிள்ளைக்கு முன்னால் ஒரு பழைய பாயை விரித்து, இரண்டு சிரட்டையும் ஒரு சுண்டு அரிசியும் வையுங்கள். அரை மணித்தியாலம் பக்கத்தில் இருங்கள். சிந்தியதைப் பிள்ளையோடு சேர்ந்து நீங்களே கூட்டி அள்ளுங்கள்.