கைத்தொலைபேசியின் விலை எவ்வளவு?



கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு கைத்தொலைபேசிக் கடையின் முன்னால் சற்று நின்று பாருங்கள். உடன்காசு விலை ஒன்று இருக்கும். அதைவிடப் பெரிய எழுத்தில் மாதத் தவணைத் தொகை ஒன்றும் இருக்கக்கூடும். இவ்விரண்டுமே அப்பொருளின் உண்மையான விலை அல்ல என்பதே எனது கருத்தாகும்.

உங்கள் பெற்றோரின் இளமைக் காலத்தை எண்ணிப் பாருங்கள். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையினால் எரிபொருளும் பற்றரியும் கிடைப்பது அரிதாயிற்று. மின்சாரமும் இல்லை. வீட்டில் வானொலிப் பெட்டி இருந்தும் அதை இயக்க வழியில்லை. ஆகவே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுத்தார்கள். இரவு 9.15 க்கு பிபிசி தமிழோசை தொடங்கினால், அந்த அரை மணி நேரமும் ஒருவர் மாறி ஒருவர் சுழற்றியபடி இருக்கவேண்டும். படிப்பதற்கு ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கு. இதைச் சொல்வது, “நாங்கள் அப்படிப் படித்தோம், நீங்களும் படியுங்கள்” என்று உபதேசம் செய்வதற்கல்ல. அந்த உபதேசத்தை வீட்டில் போதியளவு கேட்டிருப்பீர்கள். ஒரு பொருளை வாங்கும் செலவு வேறு, அதை இயக்கும் செலவு வேறு என்பதை அச்சந்ததி தன் கைவலியாலேயே அறிந்திருந்தது. கேட்கத் தகுந்த நிகழ்ச்சிக்கு மட்டுமே அவர்கள் டைனமோவைச் சுழற்றினார்கள்.

2009 இல் போர் முடிந்தபின் நிலைமை மாறியது. மீள்குடியேறிய ஊர்களுக்கு மின்சாரம் படிப்படியாக வந்தது. வங்கிகளும் தவணைக் கடைகளும் நுண்நிதி நிறுவனங்களும் வந்தன. யாவற்றையும் இழந்திருந்த குடும்பங்களுக்குப் பொருள்கள் தேவைப்பட்டன; கடனும் இலகுவாகக் கிடைத்தது. அதன் விளைவு பாரதூரமானது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்று, திருப்பிச் செலுத்த முடியாமற்போன ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்நிதிக் கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை 2018 இல் அரசாங்கம் அறிவிக்க நேர்ந்தது. இத்தகைய கடன்களின் வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. அக்கடன்கள் எல்லாம் தொலைபேசிக்காகப் பெறப்பட்டவை அல்ல. எனினும் அந்த 30 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. உடன்காசு விலை 60,000 ரூபா எனக் கொள்வோம். முற்பணம் 12,000 ரூபா. மீதி 48,000 ரூபாவுக்கு மாதம் 5,000 ரூபா வீதம் 12 தவணைகள். தவணைகளில் நீங்கள் செலுத்துவது 60,000 ரூபா. எனவே வட்டி 12,000 ரூபா. “25 சதவீதந்தானே” என்று தோன்றும். ஆனால் முழுக் கடனும் முழு ஆண்டும் உங்களிடம் இருக்கவில்லை. மாதந்தோறும் 4,000 ரூபா வீதம் அது குறைந்துகொண்டே போகிறது. கணிதப் பாடத்தில் படித்த முறையை இங்கே பயன்படுத்துங்கள். மாத அலகுகள் 12 × 13 ÷ 2 = 78. ஓர் அலகுக்கு வட்டி 12,000 ÷ 78, அதாவது ஏறத்தாழ 153.85 ரூபா. 4,000 ரூபாவுக்கு ஒரு மாதத்தில் இவ்வளவு வட்டி எனில், ஆண்டு வட்டி வீதம் 46 சதவீதத்துக்கும் சற்று அதிகம்! பரீட்சைக்காக மட்டும் மனனம் செய்யும் இக்கணக்கு, வீட்டில் எவ்வளவு பயன்படும் என்பதைப் பாருங்கள். கையில் 12,000 ரூபா உள்ளவர் மாதம் 5,000 ரூபா சேமித்தால், பத்தாவது மாதத்தில் அதே தொலைபேசியை உடன்காசுக்கு வாங்கிவிடலாம்.

வன்னிக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. தவணை மாதாமாதம் வரும். நெல் போகத்துக்குப் போகந்தான் வரும். இரணைமடுவின் கீழ்ச் செய்பவருக்காவது சில ஆண்டுகளில் சிறுபோகம் உண்டு. மானாவாரியில் செய்பவருக்குப் பெரும்போகம் மட்டுமே. இடைப்பட்ட மாதங்களில் தவணைக்காரர் வாசலில் நிற்கும்போது, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவதும், காப்பை அடகு வைப்பதும் இப்படித்தான் தொடங்குகிறது.

அப்படியாயின் தொலைபேசியே வேண்டாமா? அவ்வாறு கூறமாட்டேன். 2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, நேத்ரா தொலைக்காட்சியில் “குருகுலம்” பாடங்கள் ஒளிபரப்பாகின. ஆனால் ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாடக்குறிப்புகளும் சூம் வகுப்புகளும் தொலைபேசி உள்ள வீட்டுக்கே போய்ச் சேர்ந்தன. வாங்காமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை அன்று கண்டோம். பாடப்புத்தகங்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் இணையத்தில் இலவசமாகப் பெறமுடியும் என்பதும் சிறிய நன்மையல்ல.

ஆனால் இவ்வேலைகளுக்கு எத்தகைய தொலைபேசி வேண்டும்? வினாத்தாளை வாசிக்கத் தெளிவான திரையும், ஒரு நாள் தாங்கும் பற்றரியும் போதும். கமராவில் எத்தனை மெகாபிக்சல் என்று விடைத்தாள் திருத்துபவர் கேட்கப்போவதில்லை. நண்பனிடம் இருப்பதைவிட ஒரு படி கூடியது வேண்டும் என்ற ஆசைக்குத்தான் பெரும்பாலும் அந்த மேலதிகப் பணம் போகிறது. இவை இறக்குமதிப் பொருள்கள் என்பதையும் மறக்கவேண்டாம். 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை உயர்ந்தபோது, தொலைபேசியின் விலை மட்டுமன்றி உடைந்த திரையை மாற்றும் செலவும் ஏறியது. டேற்றாவுக்கான செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

“பரீட்சைக்கு ஆறு மாதமே உள்ளது. பத்து மாதம் எப்படிக் காத்திருப்பது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்நிலையில் கையிலுள்ள பணத்துக்குக் கிடைக்கும் பாவித்த தொலைபேசி ஒன்றை, தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு பார்த்து வாங்கி, வீட்டில் படிக்கும் எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொள்வதே சிறந்தது என்பேன். எதுவானாலும், பதினாறு வயதில் உங்களால் தவணைப் பத்திரத்தில் கையொப்பமிட முடியாது. அம்மாவோ அப்பாவோதான் இடவேண்டும். ஆகவே கடைக்குப் போகுமுன் அவர்களுடன் அமர்ந்து, அந்த 78 மாத அலகுக் கணக்கை ஒரு தாளில் செய்து காட்டுங்கள்.